சுவரைத் தாண்டி வரும் நியூட்ரான்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 2006-ஆம் ஆண்டு ஒரு நியூட்ரினோ கற்றை இயங்கத் தொடங்கியது. 400 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட புரோட்டான்களைக் கிராஃபைட் இலக்கின்மீது மோதவிட வேண்டும். அந்த மோதலின் வழியே பிறக்கும் நியூட்ரினோக்கள் பூமிக்குள்ளேயே 732 கிலோமீட்டர் பயணம் செய்து, இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியிலிருக்கும் ஆய்வகத்தைச் சென்றடையும். மறு ஆண்டே, 2007-இல், அந்தக் கற்றையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சுரங்கத்தின் காற்றோட்ட அமைப்பைக் கட்டுப்படுத்திய மின்னணுக் கருவிகள் கதிர்வீச்சினால் செயலிழந்ததே காரணம்.

அந்தக் கருவிகள் கற்றையின் பாதையில் இல்லை. கடைகளில் கிடைக்கும் வழக்கமான சில்லுகளைக் கொண்டு செய்யப்பட்டு, பக்கத்து அறைகளில் பொருத்தப்பட்டிருந்தவை. புரோட்டான்கள் இலக்கில் மோதியபோது சிதறிய துகள்கள், முக்கியமாக நியூட்ரான்கள், அவற்றைத் தேடிச் சென்றதுபோல் அடைந்திருந்தன.

துகள்களை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உணரிகளை வடிவமைப்பவர்கள் கதிர்வீச்சை முதல் நாளிலிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மின்வழங்கி, வெப்பநிலை அளவி, வால்வைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. நியூட்ரானோ இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. அணுக்கரு இயற்பியல் ஆய்வுகள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

மின்சுமை இல்லாததன் விளைவு

ஜேம்ஸ் சாட்விக் 1932-இல் நியூட்ரானைக் கண்டுபிடித்தபோது, அதைத் தேடிப் பிடிப்பது அத்தனை கடினமாக இருந்ததற்குக் காரணம் அதற்கு மின்சுமை இல்லாததுதான். புரோட்டானோ ஆல்ஃபா துகளோ ஒரு பொருளுக்குள் நுழைந்தால், வழியிலுள்ள எலெக்ட்ரான்களையெல்லாம் இழுத்தும் தள்ளியும் ஆற்றலை இழக்கிறது; விரைவிலேயே நின்றும் போகிறது. நியூட்ரானுக்கு எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய இல்லாதவை மாதிரி. அது அணுக்கருவோடு மட்டுமே மோதும். அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அணுக்கருவைச் சந்திப்பது எளிதல்ல. அதனால் வேகமான நியூட்ரான் ஒன்று சிலிக்கானுக்குள் சராசரியாகச் சில சென்டிமீட்டர் தூரம் எதிலும் படாமல் போகும்.

ஒரு சில்லின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படியென்றால் பெரும்பாலான நியூட்ரான்கள் எந்தத் தடயமும் விடாமல் அதைக் கடந்துவிடும். ஆனால் முடுக்கியைச் சுற்றியுள்ள இடத்தில் நியூட்ரான்களின் எண்ணிக்கை கோடி கோடியாக இருக்கிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு மோதினாலும் போதும், சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

அணுக்கருவோடு மட்டுமே மோதுவதால், காரீயச் சுவர் நியூட்ரானுக்குச் சரியான தடை ஆவதில்லை. கேரம் பலகையில் ஒரு காய் இன்னொரு காயை நேராக அடித்தால் அடித்த காய் நின்றுவிடுகிறது, மற்றது ஓடுகிறது. அதே காய் பலகையின் விளிம்பில் பட்டால் ஏறக்குறைய வந்த வேகத்திலேயே திரும்புகிறது. காரீய அணுக்கரு நியூட்ரானைவிட 200 மடங்குக்கும் மேல் எடை கொண்டது. மீள்மோதல் ஒன்றில் நியூட்ரான் அதனிடம் இழப்பது அதிகபட்சம் 2 சதவீத ஆற்றல். ஹைட்ரஜன் அணுக்கருவின் எடையோ நியூட்ரானின் எடையேதான். ஒவ்வொரு மோதலிலும் சராசரியாகப் பாதி ஆற்றல் போய்விடும். ஹைட்ரஜன் நிறைந்த பாலித்தீன், தண்ணீர், ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும் கான்கிரீட் ஆகியவை நியூட்ரானுக்கு எதிரான சுவர்களாகப் பயன்படுவது இதனால்தான். வேகம் குறைந்த நியூட்ரானை விழுங்குவதற்கு அவற்றோடு போரான் சேர்ப்பதும் உண்டு.

படிகத்தில் விழும் வடு

மோதல் நடந்த இடத்தில் என்ன ஆகிறது? சிலிக்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்திலிருந்து அணுவைப் பெயர்க்க ஏறக்குறைய 25 எலெக்ட்ரான் வோல்ட் போதும். 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான், நேர் மோதலில் தன் ஆற்றலில் 13 சதவீதம் வரை சிலிக்கான் அணுவுக்குக் கொடுக்கும். அது ஒரு லட்சத்து 30 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட். பெயர்ந்த அணு அத்துடன் நிற்காது. அது அடுத்த அணுவைத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும். ஒரே மோதலில் நூற்றுக்கணக்கான அணுக்கள் இடம் மாறி, படிகத்துக்குள் வெற்றிடங்களும் இடைச்செருகல்களுமாக ஒரு வடு உருவாகிவிடும்.

டிரான்சிஸ்டரும் உணரியும் வேலை செய்வது படிகத்தின் ஒழுங்கை நம்பித்தான். வடு விழுந்த இடத்தில் எலெக்ட்ரான்களுக்குப் புதிய ஆற்றல் படிகள் தோன்றுகின்றன. அங்கே மின்னோட்டம் தானாகவே பிறக்கிறது. பயணம் செய்யும் மின்சுமைகள் சிக்கிக்கொள்கின்றன. இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டப் பெருக்கம் படிப்படியாகச் சரிகிறது. மின்வழங்கிகளிலும் ஒப்பீட்டு மின்னழுத்தம் தரும் சுற்றுகளிலும் இவை இருப்பதால், பாதிப்பு முதலில் தெரிவது அங்கேதான். கணினிச் சில்லுகளில் நிறைந்திருக்கும் மாஸ் டிரான்சிஸ்டர்கள் வேறு முறையில் இயங்குவதால் இவ்வகைச் சேதத்தைப் பெரிதும் தாங்குகின்றன. ஒளியை இடையில் வைத்துச் சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளர்கள் மிகவும் மென்மையானவை, அவற்றுக்குள்ளிருக்கும் எல்.இ.டி.-யின் ஒளி மங்கத் தொடங்கிவிடும்.

வெவ்வேறு ஆற்றலுள்ள துகள்கள் விளைவிக்கும் சேதங்களை ஒப்பிட இத்துறையினர் ஒரு பொது அலகு வைத்திருக்கிறார்கள். எந்தத் துகளாக இருந்தாலும், அது செய்யும் படிகச் சேதம் 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் எத்தனை செய்யும் சேதத்துக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். செர்னின் பெரிய ஹேட்ரான் மோதுவியின் மேம்படுத்தப்பட்ட கட்டத்தில், மோதல் புள்ளிக்கு மிக நெருங்கிய உணரி அடுக்குகளுக்கு இந்தக் கணக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁶ என்ற அளவையும் தாண்டும். ஒன்றுக்குப் பின் 16 சுழியங்கள். உட்புற அடுக்குகளை அதிகம் தாக்குவது பையான் போன்ற மின்சுமைத் துகள்கள். சற்று வெளியே இருக்கும் அடுக்குகளை அதிகம் தாக்குவது, துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டர்களில் மோதித் திரும்பி வரும் நியூட்ரான்கள்.

அதன் விளைவை எண்ணால் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 0.3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள புதிய சிலிக்கான் உணரியில் கசியும் மின்னோட்டம் நானோ ஆம்பியர் அளவில்தான் இருக்கும். அதன்மீது 10¹⁵ நியூட்ரான்களுக்குச் சமமான சேதம் விழுந்தபின், அறை வெப்பநிலையில் அது ஒரு மில்லி ஆம்பியரையும் தாண்டுகிறது. தேடும் சைகை அந்த இரைச்சலில் மூழ்கிவிடும், உணரியும் சூடாகும். குளிர்வித்தால் கசிவு குறையும். ஏறக்குறைய ஒவ்வொரு 7 டிகிரிக்கும் கசிவு பாதியாகிறது. ஆகவே இத்தகைய உணரிகளை உறைநிலைக்கு 30 டிகிரி கீழே வைத்து இயக்கத் திட்டமிடுகிறார்கள்.

குளிர் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. சேதமடைந்த சிலிக்கானைச் சிறிது நேரம் சூட்டில் வைத்தால் சில வடுக்கள் ஆறும். தொடர்ந்து வைத்தால் வேறு குறைகள் ஒன்றுசேர்ந்து, நிலைமை முன்னைவிட மோசமாகும். பராமரிப்புக்காகக் குளிர்விப்பை நிறுத்தும் நாட்களைக்கூட எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. சிலிக்கானில் ஆக்சிஜனைக் கலந்தால் தாங்குதிறன் கூடும் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். புரோட்டானுக்கும் பையானுக்கும் அது உண்மையாகவே பலித்தது. நியூட்ரானுக்குப் பலிக்கவில்லை. மின்சுமைத் துகள்கள் படிகமெங்கும் சிதறலான ஒற்றைக் குறைகளை நிறைய உண்டாக்குகின்றன. நியூட்ரான் முக்கியமாகக் கொத்துக் கொத்தான குறைகளை உண்டாக்குகிறது. எல்லாச் சேதத்தையும் ஒரே அலகில் அடக்கிவிடலாம் என்ற எதிர்பார்ப்புக்கு எல்லை இருப்பதை நியூட்ரானே காட்டிக்கொடுத்தது.

ஒளியைப் பிடிப்பவையும் காமாவைப் பிடிப்பவையும்

அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் குளூஎக்ஸ் என்ற ஆய்வு நடக்கிறது. அதன் உருளை வடிவக் கலோரிமீட்டரின் ஒளியைப் படிப்பவை 3,840 சிலிக்கான் ஒளிப்பெருக்கி வரிசைகள். ஒரே ஓர் ஒளித்துகளையும் லட்சக்கணக்கான எலெக்ட்ரான்களாகப் பெருக்கித் தரும் திறன் அவற்றுக்கு உண்டு. அந்தத் திறனே அவற்றின் பலவீனமும் ஆகிறது. நியூட்ரான் விட்ட வடுவிலிருந்து தானாகப் பிறக்கும் ஓர் எலெக்ட்ரானும் ஒளித்துகளால் பிறந்ததைப் போலவே பெருக்கப்படும். இருட்டிலேயே ஒளி வந்ததுபோல் சைகைகள் கொட்டத் தொடங்கும். கட்டுமானத்துக்கு முன்பே இதைச் சோதித்து அறிந்த குழுவினர், இந்த ஒளியுணரிகளை 5 டிகிரி செல்சியஸில் குளிர்வித்து இயக்க ஏற்பாடு செய்தார்கள்.

காமா கதிர்களை அளக்கும் ஜெர்மானியம் உணரிகளின் கதை வேறு. மும்பையின் டாட்டா ஆய்வு நிறுவனம், டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம் ஆகிய மூன்று இடங்களுக்கும் மாறி மாறிச் செல்லும் இந்திய தேசிய காமா வரிசையில் இத்தகைய உணரிகள்தான் இருக்கின்றன. முடுக்கியிலிருந்து வரும் அயனி இலக்கில் மோதி அதன் அணுக்கருவோடு இணைந்தால், சூடான கூட்டு அணுக்கரு பல நேரங்களில் நியூட்ரான்களை உமிழ்ந்துவிட்டுத்தான் காமா கதிர்களை வெளியிடும். ஆக, அளக்க விரும்பும் காமாவோடு சேதம் செய்யும் நியூட்ரானும் சேர்ந்தே வந்துசேரும். அதைத் தவிர்க்க வழியில்லை.

சேதத்தின் அடையாளம் நிறமாலையில் தெளிவாகத் தெரியும். ஊசிபோல நிமிர்ந்து நிற்க வேண்டிய முகடு, குறைந்த ஆற்றல் பக்கமாக வால் நீட்டத் தொடங்கும். படிகத்தின் குறைகளில் மின்சுமைகள் சிக்கிக்கொள்வதால், முழு ஆற்றலும் கணக்கில் வந்து சேர்வதில்லை. அருகருகே இருக்கும் இரண்டு காமா கோடுகளைப் பிரித்தறிய முடியாமல் போனால், அணுக்கருவின் ஆற்றல் படிகளை வரைவதே தடைப்படும். இங்கே சிகிச்சை சூடுதான். உணரியை வெற்றிடத்தில் 100 டிகிரி செல்சியஸ் அளவில் சில நாட்கள் வைத்திருந்தால், படிகம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உணரியின் வடிவமைப்பிலும் தேர்வு இருக்கிறது: பி வகை ஜெர்மானியத்தைவிட என் வகை உணரி நியூட்ரானைக் கூடுதலாகத் தாங்கும். நியூட்ரான் அதிகம் வரும் ஆய்வுகளில் அதையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு பிட் புரளும்போது

இதுவரை பார்த்தது மெல்லச் சேரும் சேதம். ஒரே நியூட்ரானால் ஒரே நொடியில் நிகழும் கோளாறு ஒன்றும் இருக்கிறது. ஆய்வை நிறுத்தவைப்பது பெரும்பாலும் அதுதான்.

சில மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள நியூட்ரான் சிலிக்கான் அணுக்கருவையே உடைக்கும். உடைந்ததில் ஆல்ஃபா துகளும் மெக்னீசிய அணுக்கருவும் பிறக்கலாம். புரோட்டானும் அலுமினிய அணுக்கருவும் பிறக்கலாம். இவையெல்லாம் மின்சுமை கொண்டவை. சிலிக்கானில் ஒரு ஜோடி மின்சுமையை உண்டாக்க 3.6 எலெக்ட்ரான் வோல்ட் போதும். எனவே 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் செலவானால், மிகச் சிறிய இடத்தில் இரண்டே முக்கால் லட்சம் ஜோடிகளுக்கு மேல் தோன்றும். இன்றைய நினைவகச் சில்லில் ஒரு பிட்டைக் காத்துவைக்கும் மின்சுமை சில ஆயிரம் எலெக்ட்ரான்கள் அளவில்தான் இருக்கிறது. 0 என்று இருந்தது 1 ஆகிவிடும். சில்லுக்கு எந்தக் காயமும் இல்லை, ஆனால் அதில் எழுதியிருந்த செய்தி மாறிவிட்டது.

மாறிய பிட் ஓர் அளவீட்டில் இருந்தால் ஓர் எண் தவறும். கட்டளையில் இருந்தால் செயலி உறைந்துபோகும். எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் நிரலிடக்கூடிய சில்லுகளில், சுற்றின் அமைப்பையே நினைவகப் பிட்டுகள்தான் தீர்மானிக்கின்றன. அங்கே ஒரு பிட் புரண்டால் சுற்றே வேறொரு சுற்றாகிவிடலாம். உயர் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும் திறன் டிரான்சிஸ்டர்களில் நிலைமை இன்னும் கடுமை. ஒரே நியூட்ரான் தொடங்கிவைத்த மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகி, கருவியையே எரித்துவிடக்கூடும்.

வேகமிழந்த நியூட்ரானும் பாதுகாப்பானதல்ல. இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. இப்படி வேகமிழந்த நியூட்ரான்களைப் பிடிப்பதில் அதற்கு நிகரானவை வெகு சில. பிடித்த உடனே அது ஆல்ஃபா துகளாகவும் லித்தியம் அணுக்கருவாகவும் உடையும். சுவரில் சேர்த்தால் காவலாகும் அதே போரான், சில்லுக்குள் இருந்தால் ஆபத்தாகிறது. ஒரு காலத்தில் சில்லின் அடுக்குகளுக்கிடையே போரான் கலந்த கண்ணாடிப் படலத்தைக் காப்பாகப் பூசினார்கள். நினைவகப் பிழைகளுக்கு அந்தப் படலமே ஒரு முக்கியக் காரணம் என்பதை 1990-களின் நடுவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன்பின் தொழில்துறை அந்தப் படலத்தைக் கைவிட்டது.

கோளாறையே அளவுகோலாக்கி

காற்றோட்டக் கருவிகள் செயலிழந்த பிறகு செர்ன் தன் மின்னணுக் கருவிகள் அனைத்தையும் மறுபார்வையிட்டது. பெரிய ஹேட்ரான் மோதுவியின் 27 கிலோமீட்டர் சுரங்கத்தை ஒட்டிய அறைகளில், காந்தங்களுக்கு மின்சாரம் தரும் கருவிகள், குளிர்விப்பைக் கவனிக்கும் கருவிகள், காந்தங்களைக் காக்கும் கருவிகள் என ஆயிரக்கணக்கில் இருந்தன. 2011-இல் மட்டும் கதிர்வீச்சு தூண்டிய கோளாறுகளால் சுமார் 70 முறை கற்றையை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் துகள்களை மீண்டும் நிரப்பி, ஆற்றலை உயர்த்தி, மோதலுக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும்.

முதல் மருந்து இடமாற்றம். நகர்த்த முடிந்தவற்றைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். முடியாதவற்றுக்குக் கான்கிரீட்டும் இரும்பும் கொண்டு சுவர் எழுப்பினார்கள். 2011-இல் ஒரு குறிப்பிட்ட அளவு மோதல் தரவுக்கு 12 நிறுத்தங்கள் என்றிருந்தது, 2012-இல் அதே அளவுக்கு ஏறக்குறைய 3 ஆகக் குறைந்தது.

எங்கே எவ்வளவு கதிர்வீச்சு என்று தெரிந்துகொள்ள அவர்கள் கையாண்ட முறை என்னை எப்போதும் வியக்கவைப்பது. சுரங்கமெங்கும் வைக்கப்பட்ட அளவிகளுக்குள் நினைவகச் சில்லுகள் இருக்கின்றன. அவற்றில் தெரிந்த பிட்டுகளை எழுதிவைத்து, எத்தனை புரண்டன என்று எண்ணுகிறார்கள். அதிலிருந்து உயர் ஆற்றல் துகள்களின் எண்ணிக்கை கிடைக்கிறது. கூடவே இருக்கும் டையோடு படிகச் சேதத்தைச் சொல்கிறது. எந்தக் கோளாறுக்கு அஞ்சினார்களோ, அதையே அளவுகோலாக மாற்றிக்கொண்டார்கள்.

புதிய கருவிகளைச் சுரங்கத்தில் வைப்பதற்கு முன் சோதிக்கவும் வசதி உண்டானது. செர்னின் சார்ம் என்ற சோதனைக்கூடத்தில், 24 கிகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கள் உலோக இலக்கில் மோதும்போது எழும் கலப்புக் கதிர்வீச்சில் முழுக் கருவியையும் இயக்கிப் பார்க்கலாம். சுலோவேனியாவின் லூப்லியானாவிலுள்ள ஆய்வு உலையில் உணரிகளுக்கு நியூட்ரான் பாய்ச்சுகிறார்கள். இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்திலுள்ள சிப்ஐஆர் என்ற நிலையத்தில், 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 50 லட்சம் வீதம் கிடைக்கின்றன. கடல் மட்டத்தில் அண்டக்கதிர்களால் பிறக்கும் அத்தகைய நியூட்ரான்கள் மணிக்கு 13 அளவுதான். அங்கே ஒரு மணி நேரம் வைத்தால், தரையில் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான கதிர்வீச்சு கிடைத்துவிடும்.

தவறும் என்று தெரிந்தே கட்டுதல்

எவ்வளவு சுவர் எழுப்பினாலும் சில நியூட்ரான்கள் வந்தே தீரும். ஆகவே நல்ல வடிவமைப்பு, பாகங்கள் தவறும் என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. ஒரே கணக்கை மூன்று சுற்றுகளிடம் கொடுத்து, இரண்டு சொல்வதை ஏற்கலாம். நினைவகத்தில் கூடுதல் பிட்டுகள் சேர்த்து, புரண்டதைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். எஃப்.பி.ஜி.ஏ.-வின் அமைப்புப் பிட்டுகளை அவ்வப்போது புதிதாக எழுதலாம். பதில் சொல்லாத செயலியைத் தானாக மறுதொடக்கம் செய்யும் காவல் சுற்றை வைக்கலாம். எரியும் ஆபத்துள்ள டிரான்சிஸ்டரை அதன் உச்ச மின்னழுத்தத்துக்கு வெகு கீழே இயக்கலாம்.

இவற்றில் எதுவும் பெரிய ரகசியம் இல்லை. கடினமானது, எந்தச் சில்லுக்கு இது தேவை என்று முன்கூட்டியே அறிவது. ஒரே நிறுவனத்தின் ஒரே எண் கொண்ட சில்லுகள்கூட, தயாரிப்புத் தொகுதி மாறினால் கதிர்வீச்சில் வேறு மாதிரி நடந்துகொள்வது உண்டு. அதனால் ஒரு தொகுதியையே மொத்தமாக வாங்கி, அதிலிருந்து எடுத்துச் சோதித்து, அதையே பொருத்துகிறார்கள். பொறுமையும் பணமும் கேட்கும் வேலை இது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இந்த வேலை இடம்பெறுவதில்லை. ஆனால் கட்டுரை எழுதுவதற்கான தரவே இதனால்தான் கிடைக்கிறது.

இந்த அறிவு ஆய்வகத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. விமானம் பறக்கும் உயரத்தில் நியூட்ரான்கள் கடல் மட்டத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை தரும் நேரியல் முடுக்கிகள் 10 மெகா வோல்ட்டுக்கு மேல் இயங்கும்போது, அவற்றின் உலோகப் பாகங்களிலிருந்தே நியூட்ரான்கள் வெளிவருகின்றன. இதயமுடுக்கி பொருத்தப்பட்ட நோயாளிக்கு அந்த அளவைத் தாண்ட வேண்டாம் என்று மருத்துவ இயற்பியலாளர்களின் வழிகாட்டுதல்கள் அறிவுறுத்துவது, உடலுக்குள் இருக்கும் சிறு சில்லின் பிட்டுகளைக் காப்பதற்காகத்தான்.

புதிய முடுக்கியோ அணு உலையோ கதிர்சிகிச்சை மையமோ திட்டமிடும் ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் போட வேண்டும்: எந்தெந்தச் சில்லுகள், எங்கே, எத்தனை நியூட்ரான்களைச் சந்திக்கும், தவறினால் என்ன நிற்கும். அந்தப் பட்டியலில் விலையுயர்ந்த உணரிக்குக் கிடைக்கும் கவனம், மலிவான கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கிடைக்க வேண்டும். சோதனைக்கான மாதங்களும் பணமும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை இடித்துக் கருவிகளை இடம் மாற்றுவதைவிட அது எப்போதும் மலிவு.